ஆறாத தப்பு

மாத்தளையில் இருபத்தாறு வருடமாக மிளகு வாங்கும் ஒருவனிடம் போய் ‘சாம்பிள்’ என்று சொன்னால் அவன் கை தானாகவே குத்தூசியைத் தேடும். சாக்கைக் கிழிக்காமல் அதன் வயிற்றுக்குள் நுழைந்து நடுவில் கிடப்பதை வெளியே கொண்டுவரும் இரும்புக் குழல் அது. என் தொழிலில் நான் முழுதாக நம்புவது அதை மட்டும்தான். லக்கலப் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர் பத்திரிகைத் தாளில் மடித்து நீட்டும் ஒரு பிடி மிளகு எப்போதும் கறுத்து, உருண்டு, தாளைப் பிரிக்கும் முன்பே மணக்கும். யட்டவத்தக்காரர் நீட்டுவதும் அப்படித்தான். பிறகு சாக்கு வரும். அதன் மேல்வாய் அச்சாகச் சாம்பிளைப் போலவே இருக்கும். குத்தூசி உள்ளே போய் வந்தால் காம்பு, பொக்கு, சில நாட்களில் பப்பாசி விதை. காய்ந்த பப்பாசி விதைக்கும் மிளகுக்கும் பார்வையில் வித்தியாசம் கிடையாது. தண்ணீரில் போட்டால் பப்பாசி விதை மிதக்கும்.

இப்படி வாழ்ந்த ஒருவன் ஐம்பத்தொரு வயதில் கணினியில் தாளம் செய்யப் பழகியது அவனுடைய குற்றமில்லை. இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, சீனி வேண்டாம்; நடங்கள், இல்லாவிட்டால் மனதுக்குப் பிடித்த பொழுதுபோக்கு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று டொக்டர் சொன்னார். இரண்டில் உட்கார்ந்து செய்யக்கூடியதை நான் தேர்ந்தெடுத்தேன். கடைக்குப் பின்னால், சாக்குகளுக்கு நடுவில், ஒரு பழைய லெப்டொப். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அதன் முன்னால் அமர்வேன். நான் செய்த முதல் தாளத்தை ஸ்பீக்கரில் போட்ட அன்று, பக்கத்துக் கடையில் கராம்பும் சாதிக்காயும் விற்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“யாரு மவுத்து?”

“யாரும் சாகல நானா. நான்தான் மியூசிக் பண்றேன்.”

அவர் கொஞ்ச நேரம் என்னையும் லெப்டொப்பையும் மாறிமாறிப் பார்த்தார். “வூட்டுல சொகமா ஈக்கிறாங்களா?” என்று விசாரித்துவிட்டுத் தலையை இறக்கிக்கொண்டார். அன்றிலிருந்து நான் பின்பக்கம் போகும்போதெல்லாம் அவர் கடை வானொலியின் சத்தம் குறைந்துவிடும். ஒட்டுக்கேட்டாரா, என் உடல்நிலையைக் கண்காணித்தாரா என்பது இன்றுவரை தெரியாது.

என் தாளத்துக்கு உண்மையான வேலை வந்தது போன வருடம், என் மனைவி மூலமாக. அவள் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நடன ஆசிரியை. எட்டுப் பிள்ளைகளை வைத்து ஒரு கிராமிய நடனம் பழக்கியிருந்தாள். அதற்கு முந்திய வருடம் இதே எட்டுப் பேரும் வலயப் போட்டியில் மேடையேறியபோது நடுவில் பாட்டு நின்றுவிட்டது. ஒலிப்பதிவில் ஏதோ கோளாறு. ஒரு காலைத் தூக்கியபடி, என்ன செய்வதென்று தெரியாமல், அந்தப் பிள்ளைகள் அரை நிமிடம் நின்றார்கள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றி என் மனைவி வீட்டில் ஒருமுறைதான் பேசினாள். ஆனால் அடுத்த முறை ஒலிப்பதிவே வேண்டாமென்று சொல்லி, பக்கத்துத் தோட்டத்திலிருந்து தப்பு அடிக்கிற ஒருவரை அழைத்து வந்தாள். “சாவு வீட்டு மேளத்தப் பாடசாலைக்குள்ள கொண்டு வாறீங்களே டீச்சர்” என்று பாடசாலை அதிபர் முணுமுணுத்தார். வலயத்தில் முதலிடம் வந்ததும் அதே அதிபர் தப்புக்காரரோடு தோளில் கைபோட்டுப் படமெடுத்துக்கொண்டார்.

மாகாணப் போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கையில் தப்புக்காரருக்குச் சீகிரியாவில் வேலை கிடைத்தது. ஹோட்டல் ஒன்றில் தோட்ட வேலை; சாயங்காலத்தில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும்போது அரை மணி நேரம் தப்பும் அடிக்க வேண்டும். நல்ல சம்பளம், தங்க இடம். அவர் சந்தோஷமாகப் போனார். போட்டி நடக்கும் சனிக்கிழமை ஹோட்டலுக்குப் பெரிய குழுவொன்று வருகிறது. அன்று லீவு கேட்டால் அப்படியே வீட்டிலிருந்துவிடலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

“வேற ஆள் பாப்போம்” என்றேன்.

“அந்தக் கைக்குத்தான் புள்ளைங்க பழகியிருக்கு” என்றாள் மனைவி. “அடுத்த வருஷம் எட்டுப் பேருக்கும் வயசு தாண்டிரும். இதுதான் கடைசி. மறுபடியும் மேடைல முழிச்சிக்கிட்டு நின்னாங்கன்னா நான் இந்த வேலையே விட்டுருவேன்.” பிறகு, மிகவும் சாதாரணமாக, “நீங்கதானே பின்னுக்கு உக்காந்து என்னமோ தட்டிக்கிட்டு இருக்கீங்க. அத வச்சு ஒரு தப்பு செய்ய ஏலாதா?” என்றாள்.

வீட்டில் எனக்கு ஒரு பொறுப்பு கொடுக்கப்பட்டது அபூர்வம். ஏற்றுக்கொண்டேன்.

கணினியில் தோல்வாத்தியம் செய்ய இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, உண்மையான வாத்தியத்தை ஒவ்வொரு அடியாகப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, விரும்பிய இடத்தில் அந்த அடியைக் கூப்பிடுவது. இதற்குப் பெயர்தான் சாம்பிள். மற்றது, வாத்தியமே இல்லாமல் சத்தத்தைக் கணினியே உண்டாக்குவது: ஓர் அலையை எடு, அதன் சுருதியைச் சட்டென்று கீழே விழவிடு, மேலால் கொஞ்சம் இரைச்சலைத் தூவு, தப்பு தயார். கேட்டால் ரொட்டிக் கடைச் சமையல்குறிப்பு போலிருக்கும். இரண்டு வகை மென்பொருளையும் பதினான்கு நாள் சும்மா பாவித்துப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. சும்மா கொடுக்கிறவன் மேல் எனக்கு ஒரு சந்தேகம். அதிலும் பதினைந்தாகவும் இல்லாமல் பத்தாகவும் இல்லாமல் பதினான்கு நாள் கொடுக்கிறவன் மேல் இரட்டைச் சந்தேகம்.

ஆக, ஒரு பக்கம் சாம்பிள். மறு பக்கம் பப்பாசி விதை. என் வாழ்க்கை முழுவதும் என்னை ஏமாற்றிய இரண்டும் கூட்டாக வந்து கணினிக்குள் உட்கார்ந்திருந்தன.

பப்பாசி விதையை முதலில் சோதித்தேன். தகரக் கூரையில் பலாக்கொட்டை விழுவது போலிருந்தது. சாம்பிள் மென்பொருளோடு கூடவே கொடுத்திருந்த ‘கிராமத்துத் தோல்வாத்தியங்கள்’ என்ற கட்டைத் திறந்தேன். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யாருடைய தோல், எந்த ஊர்க் கை என்று ஒரு விபரமுமில்லை. ஒரு கிலோ மிளகுக்கே எந்தத் தோட்டம், எந்தச் சரிவு, யார் பறித்தது என்று கேட்கிற ஆள் நான். முகம் தெரியாதவருடைய தப்பை எப்படி எடுப்பது? யோசித்துப் பார்த்ததில் சாம்பிளே நேர்மையானதாகத் தோன்றியது, அதை நானே போய் எடுத்தால். சாக்குக்கு நேரே போகிறோம், குத்துகிறோம், எடுக்கிறோம். இதில் யார் என்னை ஏமாற்ற முடியும்?

போட்டிக்குப் பதினொரு நாள் இருந்த செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, ரெக்கோடரைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, தம்புள்ளை பஸ் ஏறிச் சீகிரியாவுக்குப் போனேன். ஹோட்டல் வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்தார். கம்பளி மூடிய மைக்கைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

“மொக்கத மே?”

இது என்ன என்று கேட்கிறார். தப்புச் சத்தம் பிடிக்க வந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். மிளகு பேரம் பேசப் போதுமான என் சிங்களம் இதற்குப் போதவில்லை. மேளத்தைப் பிடித்துக்கொண்டு போக வந்தவன் என்று அவர் விளங்கிக்கொண்டார் போலிருக்கிறது. தப்புக்காரர் ஓடி வந்து மீட்கும்வரை என்னை நாற்காலியில் உட்கார்த்தி எதிரே நின்றார்.

சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில், பகல் மூன்று மணிக்கு வேலையை ஆரம்பித்தோம். தப்பைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரவளையத்தில் இழுத்து ஒட்டிய தோல் அது. நெருப்பில் காட்டிக் காய்ச்சினால் தோல் விறைத்துச் சத்தம் கணீரென்று எழும். நேரம் போகப்போகச் சூடு ஆறும், தோல் தளரும், சத்தம் இறங்கும். மறுபடி காய்ச்ச வேண்டும். தப்புக்காரர் கோழிப் பெட்டி அட்டைகளைக் கொளுத்தி, தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் தட்டிக் காதில் வைத்துப் பார்த்து, “ம், இப்ப எடுங்கண்ணே” என்றார். நாலைந்து அடி அடிப்பார். பிறகு நிறுத்தி மறுபடியும் நெருப்புக்குப் போய்விடுவார்.

“போதும், நல்லாத்தானே இருக்கு. அடிங்க, எனக்கு பஸ்ஸு போயிரும்.”

“பஸ்ஸு போனா வேற பஸ்ஸு வரும்ணே. ஆறின தப்ப ரெக்கோட் பண்ணிக் கொண்டுபோயி ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டுவீங்க. அப்புறம் என்னய எவன் மதிப்பான்?”

அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சமையல்காரர், அவரும் நம்ம பக்கத்து ஆள், “கோழிக்குக்கூட நாங்க இவ்வளவு நெருப்பு காட்டுறதில்ல” என்றார்.

நடுவில் ஒருமுறை காவலாளி வந்து, வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேனா என்று கேட்டு என்னை வாசலுக்கு அழைத்துப் போனார். அடையாள அட்டை இலக்கத்தை நான் எழுத, அதை அவர் அட்டையோடு ஒப்பிட்டு, அட்டையை என் முகத்தோடு ஒப்பிட்டு, மூன்றிலும் திருப்தியில்லாமல் விட்டார். ரெக்கோடர் அங்கே தானாக ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து மேலும் பத்துப் பதினைந்து அடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து அடிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். மிளகு புடைப்பது போலத்தான். நல்லது ஒரு பக்கம், பொக்கு ஒரு பக்கம். நாற்பத்துமூன்று நல்ல அடி தேறியது. ‘தப்பு 1’, ‘தப்பு 2’ என்று ‘தப்பு 43’ வரை பெயரிட்டேன். நான் கையெழுத்துப் போடப் போன நேரத்துப் பகுதி திரையில் சின்னச் சின்ன அலையாகத் தெரிந்தது. பேச்சும் பாத்திரச் சத்தமுமாக இருக்கும் என்று கேட்காமலேயே வெட்டி ‘தப்பு கழிவு’ என்று ஒதுக்கினேன். லெப்டொப்பில் இடமில்லாததால் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் வைத்திருந்தேன். அடிகளைக் கோத்து, நடனத்துக்கு வேண்டிய நாலரை நிமிடத் தாளத்தை உண்டாக்கி அதற்கு ‘தப்பு இறுதி’ என்று பெயர் வைத்தேன். நானா சுவருக்கு மேலால் பார்த்து, “இது வெளிச்சமா ஈக்கிது. இப்ப யாரும் மவுத்தாகல்ல” என்று சான்றிதழ் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாடசாலை மண்டபத்தில் ஒத்திகை. பிள்ளைகள் சலங்கை கட்டி நின்றார்கள். போட்டேன். முதல் நிமிடம் பிரமாதம். ஒன்றரை நிமிடம் வரையும் பிரமாதம். தப்புக்காரர் பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. நடனத்தின் நடுவில் எட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்து கைதட்ட வேண்டும்; அதற்குப் பிறகு எழுந்து கடைசி வேக அடவு. உட்கார வேண்டிய இடம் வந்தது. ஒருவரும் உட்காரவில்லை. ஒருத்தி பாதி குனிந்து மற்றவர்களைப் பார்த்தாள். இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். ஒரு காலைத் தூக்கியபடி ஒரு பிள்ளை அப்படியே நின்றுவிட்டது. என் மனைவி அந்தக் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன புள்ள இது? நாலு மாசமா உக்காருற எடம் தெரியாதா?”

“தெரியல டீச்சர். தப்பு சொல்லல.”

“தப்பு என்ன சொல்லணும்?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் குட்டையான ஒருத்தி, என்னைப் பார்த்து, மரியாதையாகவே சொன்னாள்: “சார், ஒங்க தப்பு ஓயவே மாட்டேங்குது. அந்த மாமா அடிக்கிறப்ப தப்புக்குச் சளி புடிச்ச மாதிரி ஒரு சத்தம் வரும்ல? அது வந்தா நாங்க உக்காருவோம். அவரு காய்ச்சிக்கிட்டு வருவாரு. வந்தவொடன எந்திரிப்போம்.”

நாலு மாதமாக அந்தக் குளிர்ந்த மண்டபத்தில் இரண்டு நிமிடத்துக்குள் தப்பு ஆறியிருக்கிறது. பிள்ளைகளின் உடம்பு அந்தச் சத்தத்துக்குப் பழகியிருக்கிறது. எண்ணிக்கைக்கு உட்காருகிறார்கள் என்று அவர்களுடைய டீச்சர் நினைத்திருக்கிறாள். நான் கொண்டுவந்ததோ முழுக்க முழுக்கச் சூடான அடிகள். தப்புக்காரர் தன் மானத்துக்காகச் சாக்கின் மேல்வாயை மட்டும் எனக்குக் காட்டியிருக்கிறார். இருபத்தாறு வருட அனுபவத்தோடு, கையில் குத்தூசியோடு போய், மடித்த பத்திரிகைத் தாளை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் மனைவி எனக்கு இரண்டு சீட் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

சூடான அடிகளின் சுருதியை மென்பொருளில் இறக்கிப் பார்த்தேன். ஆறின தப்பு கிடைக்கவில்லை. கிணற்றுக்குள் விழுந்த மாடு கிடைத்தது. அடி நீண்டது, நெருப்பின் கணீர் மட்டும் பேயைப் போல உள்ளே தங்கிவிட்டது. மறுபடி சீகிரியா போக நாளில்லை. போனாலும் அவர் ஆறின தப்பை அடிக்கப்போவதில்லை. வேறு வழியில்லாமல் பப்பாசி விதையைத் திறந்தேன். அதில் சுருதிக்கு ஒரு திருகி, அடி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று. நாற்பத்துமூன்று அடிகளையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுக் கேட்டுத் திருகியதில், பலாக்கொட்டை மெல்ல மெல்லத் தோலாகிக்கொண்டு வந்தது. பிறகு ஒன்றரை நிமிடத்திலிருந்து சுருதியைச் சிறிது சிறிதாக இறங்கவிட்டேன். கணீர் மங்கியது. அடி சுருங்கியது. சரியாக ஒன்றே முக்கால் நிமிடத்தில் தப்புக்குச் சளி பிடித்தது. எனக்கே பயமாக இருந்தது. நெருப்பே காணாத ஒரு தப்பு ஆறிக்கொண்டிருந்தது.

வீட்டில் அதைப் போட்டேன். மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இறங்கும் இடம் வந்ததும் துருவல் சத்தம் நின்றது.

“யாரு அடிச்சது?”

“யாரும் அடிக்கல.”

“புள்ளைங்க உக்காந்துரும்” என்றாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் எனக்குள் இருக்கும் வியாபாரி ஒத்துக்கொள்ளவில்லை. யாரும் அடிக்காத தப்புக்குப் பிள்ளைகளை ஆடவைப்பதா? மேடையில் ஒலிபெருக்கி வேறு, மண்டபம் வேறு. அங்கே இந்தப் போலி மிதந்து மேலே வந்துவிட்டால்? அந்தக் கோப்புக்குச் ‘சரி பார்க்க’ என்று பெயரிட்டு ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய ‘தப்பு இறுதி’யை எடுத்து, உட்கார வேண்டிய இடத்தில் ஒரு விசில் சத்தத்தைச் சேர்த்தேன். எழும்ப வேண்டிய இடத்தில் இரண்டு விசில்.

வியாழக்கிழமை ஒத்திகையில் பிள்ளைகள் விசிலுக்கு ஒழுங்காக உட்கார்ந்தார்கள். உடற்பயிற்சிப் பாடத்தில் உட்காருவது போல, முதுகு நிமிர்ந்து, முகத்தில் ஒன்றுமில்லாமல்.

“நான் டான்ஸ் பழக்குறேனா, ஸ்டாண்டுல பஸ் எடுக்குறேனா?” என்றாள் மனைவி.

“தப்பு உண்மையான தப்பு. கை உண்மையான கை. விசில் ஒரு செக்கன்தான்.”

“அந்த இன்னொன்னு?”

“அது பப்பாசி விதை.”

“சரி. ஒங்க இஷ்டம். நீங்கதானே மியூசிக் டிரக்டர்.”

இருபத்துநாலு வருடக் குடும்ப வாழ்க்கையில் ‘ஒங்க இஷ்டம்’ என்ற சொல்லுக்குப் பிறகு என் இஷ்டப்படி எதுவும் நடந்ததில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மிளகைத் தவிர மற்ற எதிலும் என் சந்தேகம் சற்றுப் பிந்தித்தான் வரும்.

சனிக்கிழமை காலை, கண்டியில் ஒரு பெரிய மண்டபம். எங்களுக்கு முன் இரண்டு குழுக்கள் இருக்கும்போது, நானும் மனைவியும் பென் டிரைவோடு ஒலி மேசைக்குப் போனோம். அங்கே இருந்தவர் செருகிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இதுல ஓடியோ ரெண்டுதான் இருக்கு. ‘சரி பார்க்க’, ‘தப்பு கழிவு’. எது?”

“அதில்ல, ‘தப்பு இறுதி’ன்னு ஒண்ணு இருக்கும், பாருங்க” என்றேன்.

“இல்லையே.”

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு பிள்ளையின் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: “அதா? பாடசாலை வீடியோ போட எடம் பத்தல. அதான் தப்புன்னு பேரு போட்டிருந்ததையெல்லாம் அழிச்சேன்.”

“ஐயோ, அது தப்பு இல்ல, தப்பு!”

ஒலி மேசைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“தப்புன்னா தப்புன்னுதானேங்க நெனப்பாங்க” என்றாள் மனைவி. “இதுலதான் சரின்னு போட்டிருக்கு. இதப் போடுங்க தம்பி.”

தப்பு என்றால் வாத்தியம் என்பது வேறு யாருக்கும் தெரியாமலிருக்கலாம். நாலு மாதமாகத் தப்போடு ஒத்திகை நடத்திய நடன ஆசிரியைக்கு? யோசிக்க நேரமில்லை. எண் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் ஒருமுறைகூடக் கேட்டிராத ஒரு தப்பு, உலகத்திலேயே இல்லாத ஒரு தப்பு, முழங்கத் தொடங்கியது.

நான் பிள்ளைகளின் கால்களைப் பார்க்கவில்லை. குட்டையான அந்த ஒருத்தியின் முகத்தை மட்டும் பார்த்தேன். முதல் அடிக்கு அவள் புருவம் கொஞ்சம் நெரிந்தது. புது ஆள் யாரோ என்று நினைத்திருப்பாள். ஆடிக்கொண்டே போனாள். ஒரு நிமிடம். சந்தைக்கு வந்த புதுச் சாக்கை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் யாராவது சிரிக்கத் தயாராகிறார்களா என்று என் மனைவி மேடையை விட்டு ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை நிமிடம். சுருதி இறங்கத் தொடங்கியது. மண்டபத்தில் ஒருவருக்கும் அது கேட்டிருக்காது. குட்டைப் பிள்ளையின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தப்புக்குச் சளி பிடித்தது.

எட்டுப் பேரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். ஒரே சலங்கைச் சத்தம்.

அவர்கள் கைதட்ட, நான் வைத்திருந்த இடைவெளி கடந்து, சூடான தப்பு திரும்பி வந்தது. எழுந்தார்கள். அதற்குப் பிறகு ஆடியதைச் சொல்லத் தெரியவில்லை. என் மனைவி இரண்டு கையாலும் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள் என்பது முடிந்த பிறகுதான் தெரிந்தது. சட்டை கசங்கியிருந்தது.

இரண்டாமிடம். நடுவர்களில் வயதான ஒருவர் எல்லாக் குழுக்களுக்கும் ஒவ்வொரு வார்த்தை சொன்னார். எங்களுக்குச் சொன்னது: “பிள்ளைகள் மிக நன்றாகச் செய்தார்கள். பக்கவாத்தியம்தான்... தப்பை இன்னும் கொஞ்சம் காய்ச்சியிருக்கலாம். நடுவில் ஆறவிட்டுவிட்டீர்கள்.”

எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு அது. முதலிடத்தை அது தின்றுவிட்டதோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது. பிள்ளைகளுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. எங்கள் வான் வண்டி மாத்தளை வந்து சேரும்வரை யாரும் யாரையும் பேசவிடவில்லை, அவ்வளவு கத்தல். ஒருத்தி மட்டும் என்னிடம் வந்து, “அடிச்சது யாரு சார்? அந்த மாமா இல்ல, தெரியும்” என்றாள். நான்தான் என்றேன். நம்பவில்லை.

தப்புக்காரரும் நம்பவில்லை. வீடியோவைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் எடுத்தார்.

“ஆளு யாருண்ணே?”

“ஆளே இல்ல. கம்பியூட்டர்.”

“சும்மா சொல்லாதீங்க. கம்பியூட்டர் தப்பு எப்பிடிண்ணே ஆறும்? என்னய விட்டுட்டு வேற ஆளப் புடிச்சிருக்கீங்க. பரவாயில்ல, பேரச் சொல்லுங்க. காய்ச்சத் தெரியாத பய.”

அவரைச் சமாதானப்படுத்த முடியவில்லை. இன்றும் யட்டவத்தப் பக்கத்துத் தப்புக்காரர் ஒருவர் மேல் அவருக்குச் சந்தேகம் இருக்கிறதாம். அந்த மனிதர் என்ன பாவம் செய்தாரோ.

போனை வைத்த பிறகுதான், ஒலி மேசைக்காரர் வாசித்த இரண்டாவது பெயர் எனக்கு உறைத்தது. தப்பு என்று பெயர் போட்டதையெல்லாம் அழித்தவள், ‘தப்பு கழிவு’ என்பதை ஏன் விட்டாள்? பென் டிரைவைச் செருகி, முதல்முறையாக அதைக் கேட்டேன். பாத்திரச் சத்தம். நெருப்பு சடசடப்பது. பிறகு தப்புக்காரரின் குரல், வெங்காயம் உரித்தவரிடம்:

“இந்தா கேட்டீங்களா? இப்ப ஆறிருச்சு.” டொப், டொப் என்று இரண்டு அடி, அசல் ஆறின தப்பு. “இந்தச் சத்தம் வந்தா டீச்சரோட புள்ளைங்க பொத்துனு உக்காந்துரும். டீச்சருக்கே தெரியாது இது. அண்ணன்கிட்ட சொல்லிறாதீங்க, அப்புறம் ஆறினதையும் எடுக்கணும்னு நிப்பாரு.”

நான் தேடியலைந்த எல்லாம் அதற்குள் இருந்தன. கேட்காமல் கழிவென்று பெயரிட்டது நான்.

பின்னால் மனைவி வந்து நின்றிருந்தாள். தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள்.

“என்ன கேக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல. கழிவு.”

“கழிவுன்னாலும் கொட்டுறதுக்கு முன்னுக்கு ஒருக்காக் குத்திப் பாக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க” என்றாள்.

எப்போது குத்திப் பார்த்தாள், ஒத்திகைக்குப் பிறகா, வியாழக்கிழமை விசிலுக்குப் பிறகா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். தேநீரைக் குடித்தேன். அதில் சீனி போட்டிருந்தாள், டொக்டர் வேண்டாமென்று சொன்ன சீனி.